தடைக்காலத்தில் மீன் தேடிப் போனவர்கள்

மே 15, 2025, வியாழன்

பரமக்குடி தாண்டியதிலிருந்து சின்னவனுக்கு ஒரே கேள்விதான், "மீன் எப்போ?" தப்பு என்னுடையது. ஒரு வாரமாகவே "ராமநாதபுரம் போறோம், கடல் மீனாச் சாப்பிடுறோம்" என்று ஏற்றிவிட்டது நான். கோயம்புத்தூரில் ஐஸ் பெட்டியில் நாலு நாள் கிடந்த மீனை வாங்கித் தின்கிறவனுக்குக் கடற்கரைக்குப் போனால் வாயில் வந்து விழும் என்று ஒரு நினைப்பு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அசைவ ஹோட்டல். உட்கார்ந்ததும் சீலா வறுவல் இருக்கிறதா என்று கேட்டேன் (எங்கள் பக்கம் வஞ்சிரம் என்பது இந்தப் பக்கம் சீலா, அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்). சர்வர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "தடைக்காலம் சார்" என்றார். அவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று கிழக்குக் கரையில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகுகளுக்கு மட்டும் தடை இல்லை. வருஷா வருஷம் செய்தியில் பார்க்கிறேன், டிக்கெட் போடும்போது மட்டும் மண்டையில் உறைக்கவில்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மெனு கார்டை மடித்து வைத்த விதத்திலேயே எல்லாம் இருந்தது. பரோட்டா, கோழி சால்னா. சால்னா நன்றாகத்தான் இருந்தது, கோயம்புத்தூரில் கிடைக்காத காரம், முண்டு மிளகாய் ஊர் என்பது இரண்டாவது வாயிலேயே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் வரை வெயிலில் எங்கே போவது என்று அரண்மனைக்குப் போனோம். ராமலிங்க விலாசம். கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம் என்கிறார்கள். உள்ளே சுவர், தூண், விதானம் என்று ஓர் இடம் விடாமல் வரைந்திருக்கும் ஓவியங்கள் அவருக்குப் பின்னால் வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை, 1700-களின் தொடக்கம். ராமாயணம் ஒரு பக்கம், தஞ்சாவூர் மராத்தியரோடு சண்டை ஒரு பக்கம், தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் சேதுபதியைப் பார்க்க வந்து நிற்பது ஒரு பக்கம். பெரியவள் (பதினொரு வயது) அந்தத் தொப்பிக்காரர்கள் முன்னால் கால்மணி நேரம் நின்றாள். "இவங்களைப் பார்த்ததே இல்லாத ஆளு கேள்விப்பட்டு வரைஞ்ச மாதிரி இருக்குப்பா" என்றாள். எனக்குத் தோன்றாதது. மூன்று நூற்றாண்டுப் பச்சையும் சிவப்பும் பல இடங்களில் உரிந்து போய்த்தான் இருக்கிறது, ஆனாலும் வெளியே கொளுத்தும் வெயிலிலிருந்து அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் கண்ணும் உடம்பும் ஒன்றாகக் குளிர்கின்றன.

சின்னவன் வளரியை (வளைந்த எறி ஆயுதம்) மட்டும் பார்த்தான். அதை வைத்து மீன் அடிக்கலாமா என்று கேட்டான்.

மே 16, வெள்ளி

நேற்று ராத்திரியே மண்டபம் என்ற ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டோம், மனைவியின் பெரியம்மா வீடு. வாசலிலேயே வரவேற்பு: "என்ன மாப்ளே, தடைக்காலம் பாத்து வந்து மீனு கேக்குறீகளாமே!" போனில் செய்தி முன்னாலேயே போயிருக்கிறது.

இன்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிக்கூடம். 1947-இல் தொடங்கிய இந்த நிலையத்துக்கு ஒரு காலத்தில் தலைமையிடமே இங்கே மண்டபம் முகாம்தான், பிறகுதான் கொச்சிக்குப் போனது. கேரளாக்காரர்கள் கொண்டு போய்விட்டார்கள் என்று பெரியம்மா இன்னும் சொந்த நிலம் போன மாதிரி சொல்கிறார்.

ஒரு பக்கம் கண்ணாடித் தொட்டிகளில் உயிரோடு இருப்பவை, இன்னொரு பக்கம் மருந்துத் தண்ணீரில் ஜாடி ஜாடியாக நிற்பவை. சின்னவன் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, இது சாப்பிடுற மீனா, இது சாப்பிடுற மீனா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தான். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் சிரித்தது. கடல் அட்டையிடம் வந்ததும் அவனே "ச்சீ, இது இல்ல" என்று முடிவு கட்டிவிட்டான். அதையும் வெளிநாட்டில் நல்ல விலை கொடுத்து வாங்கித் தின்கிறார்கள், அதனாலேயே 2001-இலிருந்து இங்கே பிடிக்கத் தடை, புலியைப் போல அதற்கும் சட்டப் பாதுகாப்பு என்று சொன்னேன். நம்பவில்லை. புலி எங்கே, இது எங்கே.

எனக்குப் பிடித்தது ஜாடிப் பக்கம். நிறமெல்லாம் கரைந்து மெழுகு மாதிரி வெளுத்துப் போன மீன்கள், ஒவ்வொன்றும் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து நின்றுவிட்ட மாதிரி. ஒரு ஜாடியில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத தட்டை மீன், காரல். பெரியவள் போனில் தேடிப் படித்துச் சொன்னாள்: காரலின் தொண்டைக்குள் வெளிச்சம் தரும் பாக்டீரியா குடியிருக்கிறதாம். அந்த வெளிச்சம் வயிற்றுப் பக்கமாகப் பரவுவதால் கீழேயிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு இதன் நிழல் தெரியாதாம். சின்னவன் அந்த ஜாடியை விட்டு நகரவே இல்லை. "லைட்டை எப்படி ஆஃப் பண்ணும்?" யாரிடமும் பதில் இல்லை.

திரும்பும் வழியில் நுங்கு. ஆளுக்கு ஆறு.

மே 17, சனி

ரயிலில் ராமேஸ்வரம். பாம்பன் புதுப் பாலம் திறந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை (ஏப்ரல் 6), பெட்டியில் பாதிப் பேர் பாலத்துக்காகவே ஏறியவர்கள், பாலம் வந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரு பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே 1914-இன் பழைய பாலம் துருவோடு நிற்கிறது. அது இரண்டு கை மாதிரி விரிந்து கப்பலுக்கு வழி விடும். இது நடுவில் 72.5 மீட்டர் நீளத்தை அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாகத் தூக்குகிறது. எனக்குப் பழையதுதான் அழகு. கீழே விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. "அதோ, நம்ம மீன் எல்லாம் லீவுல இருக்கு" என்றாள் மனைவி. இரண்டு நாளில் அவள் இதைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம்.

மசூதித் தெருவில் கலாம் வீட்டில் நெரிசல், மாடியில் நின்று எதையும் பார்க்க முடியவில்லை, பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டே போகிறார்கள். பேக்கரும்பு நினைவிடம் விசாலம். 2015 ஜூலை 30 அன்று அவரை அடக்கம் செய்த இடம், இரண்டு வருஷத்தில் நினைவிடம் வந்தது. ஏவுகணை மாதிரிகளைப் பார்த்து சின்னவன் குதித்தான். ஆனால் ஏவுகணையைவிட, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசிய பேப்பர் கட்டுகளைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்ட பையன் இவர்தான் என்று சொன்னதும் பெரியவள் முகம் மாறியது. காலையில் நாம் வந்த ரயில் மாதிரியா என்று கேட்டாள். அது இன்னும் தள்ளி தனுஷ்கோடி வரை போன ரயில், 1964 டிசம்பர் புயலில் அந்தத் தண்டவாளமும் ஊரும் போய்விட்டது என்றேன். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

மதியம் கோயில் பக்கம் சைவச் சாப்பாடு. ரசம் மட்டும் தேவலாம். தனுஷ்கோடி போகத் திட்டம் இருந்தது, வெயிலில் பிள்ளைகள் துவண்டுவிட்டதால் விட்டுவிட்டேன். வருத்தம்தான்.

மே 18, ஞாயிறு

விடிகாலை பெரியம்மா எங்கேயோ போய்விட்டு ஒரு ஓலைக் கொட்டானோடு வந்தார். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டு வந்த காரல், ஒரு கிலோ இருக்கும். "இதப் போயி ஹோட்டல்ல எவன் வைப்பான்? பிள்ளை பெத்தவளுக்குப் பாலு ஊறக் குடுக்குறது மாப்ளே இது." புளி குறைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் போட்டுத் தண்ணியாக ஒரு சொதி வைக்கப் போகிறாராம்.

கொல்லையில் உட்கார்ந்து அவர் கழுவும்போது பெரியவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். வெள்ளிக் காசு மாதிரி மினுமினுப்பு, கை முழுக்க வழவழவென்று கோழை. உதட்டை நகத்தால் லேசாக இழுத்தாள். வாய் குழாய் மாதிரி முன்னால் நீண்டு வந்தது, விட்டதும் உள்ளே போய் மடங்கிக்கொண்டது. நாலைந்து முறை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஜாடியில் இருந்ததைப் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அதற்குள் சின்னவனைக் காணோம். ஒரு காரலைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல், "எரியலப்பா."

"செத்தது எப்புடிய்யா எரியும்? கொண்டா இங்க, ஒல கொதிச்சுருச்சு" என்றார் பெரியம்மா.