94 காட்டினேன், 48 என்றார்கள்

வியாழக்கிழமை மதியம் மெயில் வந்தது. வேலைக்குத் தேர்வாகிவிட்டேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்ததால் சாயங்காலம் அவர் வரும்வரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். போன தடவை இதே கம்பெனியில், இதே செய்முறை ரவுண்டில்தான் வெளியே வந்தேன். ஆப்டிட்யூட், எச்ஆர் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. நான் சொல்லப்போவது அந்த மூன்று மணி நேரப் பைத்தான் ரவுண்டை மட்டும், அதிலும் கவரேஜை மட்டும். புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நாம் எழுதும் டெஸ்ட் ஓடும்போது, அதில் எத்தனை சதவீத வரிகள் ஓடின என்பதுதான் கவரேஜ். அதை அளக்கிற டூலுக்கும் அதே பெயர். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

போன வருஷக் கதை முதலில். திருப்பூரிலிருந்து விடிகாலை பஸ், கோவை ஹோப் காலேஜில் இறங்கி வேறு பஸ் மாறி சரவணம்பட்டி. பில் போடுகிற ஒரு சின்ன பிராஜக்டைக் கொடுத்து அதற்கு டெஸ்ட் எழுதச் சொன்னார்கள். முதல் 25 நிமிஷம் இன்ஸ்டாலிலேயே போய்விட்டது. என் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். பைத்தான் டூல்களை இன்ஸ்டால் செய்கிற பிப் கட்டளையை வெறுமனே அடித்ததும் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று ஒரு பத்தி நீளத்துக்கு எரர். புது உபுண்டுவில் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நேராக எதையும் போட விடாது. வீஎன்வி (பிராஜக்டுக்கென்று தனியாக ஒரு பைத்தான் இடம்) ஒன்று உருவாக்கி, ஆக்டிவேட் செய்து, 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் கவரேஜ் பைடெஸ்ட்' என்று அடித்தால் ஒரு நிமிஷ வேலை. அடுத்து, டெஸ்ட்களை ஓட்டும் டூலான பைடெஸ்டைக் கவரேஜோடு ஓட்ட 'கவரேஜ் ரன் பைடெஸ்ட்' என்று அடித்தேன். பைடெஸ்ட் என்ற பெயரில் ஒரு ஃபைலைத் தேடிவிட்டு இல்லை என்றது. நடுவில் ஒரு '-எம்' விட்டுப்போயிருந்தது.

எப்படியோ ரிப்போர்ட் வந்தது. 94 சதவீதம். கேட்டது 80. கொடுத்துவிட்டு எதிரே பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுக்கொண்டே வேலை கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன். ரெண்டு நாள் கழித்து வந்த பதிலில் ஒரே வரி: கவரேஜ் 48, தகுதி இல்லை.

அநியாயம் என்று ஒரு வாரம் பொருமினேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரிப்போர்ட்டில் இருந்தது மொத்தம் 150 ஸ்டேட்மெண்ட் (கட்டளை வரி), அதில் 141 ஓடியது. ஆனால் அந்த 150-இல் 60 என் டெஸ்ட் ஃபைலினுடையது! சோர்ஸ், அதாவது எந்த ஃபோல்டரை அளக்க வேண்டும், என்று நாம் சொல்லாவிட்டால் ஓடிய நம் ஃபைல்களையெல்லாம் கவரேஜ் எண்ணும், டெஸ்ட் ஃபைல் உட்பட. டெஸ்ட் ஃபைல் முழுக்க ஓடத்தானே செய்யும். இன்னொரு பக்கம், என் டெஸ்ட் எதுவும் இம்போர்ட்டே செய்யாத, அதாவது உள்ளே இழுக்காத, ரெண்டு ஃபைல்கள், 80 ஸ்டேட்மெண்ட், ரிப்போர்ட் பக்கமே வரவில்லை. அறுபதைக் கழித்து எண்பதைக் கூட்டினால் 170-க்கு 81. அதுதான் 48.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது பட்டென்று பிடித்துக்கொண்டார். "மேசைக்கு வந்த பீசை மட்டும் எண்ணிப்போட்டு மூட்டையில கெடக்கறத விட்டுட்டியா அம்மிணி? எங்க சூப்பர்வைசரா இருந்தா அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பாரு."

ஆகவே என் ஒரே அறிவுரை: சதவீதத்தைப் பார்க்காதீர்கள், ரிப்போர்ட்டில் ஃபைலுக்கு ஒன்றாக வரும் வரிசைகளை எண்ணுங்கள். பிராஜக்ட் கையில் வந்ததும் எல்லா ஃபைல் பெயரையும் ரஃப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். இது மெதுவான வழி, தெரியும். எனக்கு வீடியோ பார்த்து வேகமாகப் படிக்கவும் வராது.

இந்தத் தடவை அப்படித்தான் தப்பித்தேன். கவரேஜின் செட்டிங் ஃபைலான டாட் கவரேஜ்ஆர்சியில், ரன் பகுதியில் சோர்ஸ் கொடுத்தேன். பேப்பரில் 8 ஃபைல், ரிப்போர்ட்டில் 6 வரிசை, 88 சதவீதம். காணாமல் போன ரெண்டும் ஒரே சப்ஃபோல்டரில் இருந்தன. ஒரு ஃபோல்டரைப் பைத்தான் பேக்கேஜாகக் காட்டும் இனிட் ஃபைல் அதில் இல்லை. சோர்ஸ் கொடுத்தாலும், இனிட் இல்லாத சப்ஃபோல்டருக்குள் நுழைந்து, ஓடாத ஃபைலைக் கவரேஜ் தேடாது. வேண்டுமென்றே வைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். காலியாக ஒரு இனிட் ஃபைல் போட்டதும் 88 சரசரவென்று 71-க்கு இறங்கியது. வயிற்றைக் கலக்கினாலும் உண்மைக் கணக்கு கையில் வந்துவிட்டது. மீதி ஒன்றரை மணி நேரம் அந்த ரெண்டு ஃபைலுக்கு டெஸ்ட் எழுதினேன். முடிவில் 86.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- ப்ராஞ்சை (இஃப் எந்தெந்தப் பக்கம் போனது என்ற கணக்கை) ஆன் செய்யுங்கள். 'தள்ளுபடி இருந்தால் கழி' என்பதுபோல எல்ஸ் இல்லாத இஃப் ஒன்றுக்கு ட்ரூ பக்கம் மட்டும் டெஸ்ட் செய்தாலே, ஓடிய வரிகளின் கணக்கு 100 காட்டும். தள்ளுபடி இல்லாத பில் எப்படி வரும் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எச்டிஎம்எல் ரிப்போர்ட்டில் அந்த வரி மஞ்சளாக நிற்கும்.
- இந்த செட்டிங்கைப் பைப்ராஜக்ட் டாம்ல் என்ற ஃபைலில் எழுதுகிறவர்கள் பகுதியின் பெயரை 'டூல் டாட் கவரேஜ் டாட் ரன்' என்று முழுசாகப் போட வேண்டும். வெறும் 'ரன்' என்றால் சத்தமே இல்லாமல் விட்டுவிடும். அங்கே ட்ரூவுக்குச் சின்ன எழுத்து. பக்கத்தில் டாட் கவரேஜ்ஆர்சி கிடந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை.
- ஃபெயில் அண்டர் என்ற குறைந்தபட்ச வரம்பில் 80 போட்டு வைத்தால், குறையும்போது ரிப்போர்ட் எக்ஸிட் கோட் 2 (தோல்வி என்பதற்கான எண்) கொடுக்கும்.
- கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஓமிட்டில் கஷ்டமான ஃபைலை ஒளிக்காதீர்கள். எனக்கு எதிரே உட்கார்ந்து மதிப்பிட்டவர் முதலில் திறந்து பார்த்ததே அந்த வரியைத்தான்.

அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏன் 100 இல்லீங்க?" மிச்சமிருந்ததில் பாதிக்கு மேல் ஃபைல் திறக்க முடியாமல் போனால் ஓடுகிற எரர் வரிகள் என்றேன். அந்த வரிகளை விலக்கச் சொல்லும் 'ப்ராக்மா நோ கவர்' குறிப்பைப் போட்டிருந்தால் கணக்கிலேயே வந்திருக்காதே என்றார். ஆமாங்க, ஆனால் அதுவும் டெஸ்ட் எழுத வேண்டிய இடம்தான், நேரம் பத்தவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டார்.

சார்ஜர் எடுத்துப் போங்கள். போன தடவையும் சரி, இந்தத் தடவையும் சரி, என் மேசைக்குப் பக்கத்தில் ப்ளக் பாயிண்ட் வேலை செய்யவில்லை. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் பையில் இருக்கட்டும்.