பிளாக் எண்ணிக்கைக்கு அப்பால்

எங்கள் கூடைப்பந்து அணியில் சேர விரும்பிய 17 வயது சென்டர் (வளையத்தருகே நின்று காக்கும் ஆட்டக்காரர்) ஒருவரின் தடுப்பாட்டத்தை மதிப்பிட்டு அறிக்கை தரும் பொறுப்பைப் பயிற்சியாளர் என்னிடம் ஒப்படைத்தார். அவர் ஆடிய ஆறு ஆட்டங்களின் காணொளிகள் கையில் இருந்தன. முதல் முறை பார்த்தபோது பிளாக்குகளை, அதாவது வளையத்தை நோக்கி எதிராளி எறிந்த பந்தை அவர் தட்டித் தடுத்த தருணங்களை மட்டுமே எண்ணினேன். எண்ணிக்கை நிறைவாக இருந்ததால் பாதி அறிக்கையை அன்றிரவே எழுதிவிட்டேன்.

மறுநாள் பந்தைப் பின்தொடராமல் அவருடைய கால்களை மட்டும் கவனித்துப் பார்த்த பிறகு, அந்தப் பாதியைக் கிழித்துப் போட்டேன். எதிராளி பந்தை எறிவதுபோல் பாவனை காட்டினாலே அவர் குதித்துவிட்டார். அவர் தடுத்த பந்துகளில் பெரும்பாலானவை எல்லைக்கோட்டைத் தாண்டிச் சென்றதால் எதிரணிக்கே திரும்பக் கிடைத்தன. பழைய அமெரிக்க சென்டர் பில் ரஸ்ஸல், தடுத்த பந்தைத் தன் அணியினரின் கைக்கே தட்டிவிடுவதில் பெயர் பெற்றவர், ஆனால் அவர் ஆடிய அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. பிளாக்குகளை அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கியதே அவர் ஓய்வு பெற்ற பின், 1973-74 பருவத்தில்தான். அதனால் நானும் ஸ்கோர் தாளில் இடம்பெறாத ஒன்றை எண்ணத் தொடங்கினேன்: வளையத்தை நோக்கி வந்த எதிரணி கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) இவரைக் கண்டு பந்தை வெளியே திருப்பி அனுப்பிய தருணங்கள். அவை பிளாக்குகளைவிடப் பல மடங்கு இருந்தன. இந்த இளைஞரின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பிக் அண்ட் ரோல் ஆட்டத்தில்தான் அதிக நேரம் செலவிட்டேன்: பந்து வைத்திருப்பவரைக் காப்பவரின் வழியை எதிரணியின் இன்னொருவர் உடலால் மறித்து (இதுவே ஸ்கிரீன்), பிறகு வளையத்தை நோக்கி ஓடும் உத்தி அது. ஸ்கிரீன் விழுந்ததும் பின்வாங்கி நிற்கும் சென்டர், பந்தோடு வருபவரையும் வளையத்தை நோக்கி ஓடுபவரையும் ஒரே சமயத்தில் தாமதப்படுத்த வேண்டும். இவரோ பந்தை நோக்கி அரை அடி முன்னதாகவே நகர்ந்ததால், தலைக்கு மேலாகப் பாஸ் எளிதாகப் போயிற்று. அது அவருடைய பிழையா, அவருக்குச் சொல்லித்தரப்பட்ட முறையா என்பதைக் காணொளியிலிருந்து அறிய முடியாது என்பதால், இரண்டு நாள் பயிற்சிக்கு அவரை அழைக்கச் சொன்னேன். பொறுத்து நிற்கும்படி கூறியதும், மூன்றாவது முயற்சியிலேயே திருத்திக்கொண்டார்.

ரீபவுண்டில், அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில் குறையில்லை, எதிராளியை முதுகால் மறித்த பிறகே பந்தைத் தேடுகிறார். ஃபவுல்தான் கவலை. நேர் மேலே எழும்பிக் கைகளைச் செங்குத்தாக வைத்திருந்தால் மோதல் நேர்ந்தாலும் தடுப்பவர்மீது ஃபவுல் வராது. இவர் கடைசி நொடியில் கைகளைக் கீழே இறக்கிவிடுகிறார். அந்த ஆறு ஆட்டங்களில் இரண்டில், ஐந்து ஃபவுல் ஆகி நான்காம் கால்பகுதியில் வெளியேறினார்.

அவரைச் சேர்த்துக்கொள்ளலாம், முதலில் கைகளைத் திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். படித்து முடித்த பயிற்சியாளர், "களத்தில் பேசுகிறாரா?" என்று மட்டும் கேட்டார். பின்னால் நின்று ஆடுகளம் முழுவதையும் பார்ப்பவர் குரல் கொடுக்காவிட்டால், முன்னால் நிற்கும் கார்டுக்கு ஸ்கிரீன் வருவதே தெரியாது. முதல் நாள் முழுவதும் அவர் வாய் திறக்கவில்லை; இரண்டாம் நாள் பிற்பகலில், "இடப்பக்கம் ஸ்கிரீன்!" என்று அவர் கத்தியதைக் கேட்டேன். அந்த வரியையும் அறிக்கையில் சேர்த்தேன்.