குவிமாடத்துக்கு மேலே ஒரு 'பி'

இன்று மதியம் முழுக்க லென்ஸும் கையுமாகப் பழைய அமெரிக்க நாணயங்களோடு உட்கார்ந்துவிட்டேன். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று சொல்லும் குட்டி எழுத்துதான் மின்ட் மார்க். அது காசுக்குக் காசு இடம் மாறும்.

மோர்கன் வெள்ளி டாலரில் பின்பக்கம், இலை வளையத்தின் முடிச்சுக்குக் கீழே தேட வேண்டும். 'எஸ்' என்றால் சான் பிரான்சிஸ்கோ, 'ஓ' என்றால் நியூ ஆர்லியன்ஸ். 'சிசி' என்று இரண்டெழுத்து இருந்தால் நெவாடாவின் கார்சன் சிட்டி. 1893-க்குப் பிறகு அங்கே காசு அடிக்கவே இல்லை. எழுத்தே இல்லையா? பெரும்பாலும் பிலடெல்பியாதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது போர்க்கால ஐந்து சென்ட். 1942-ல் போருக்கு நிக்கல் தேவைப்பட்டதால், அதை எடுத்துவிட்டு 35 சதவீதம் வெள்ளி சேர்த்தார்கள். பின்னால் பிரித்தெடுக்க வசதியாக, பின்பக்கத்து மான்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே பெரிய எழுத்து போட்டார்கள். பிலடெல்பியாவுக்கு முதன்முறையாக 'பி' கிடைத்தது அப்போதுதான்! என்னிடம் இருப்பது 1943. கருத்துப்போயிருக்கிறது, ஆனாலும் 'பி' கம்பீரமாக நிற்கிறது.

அப்புறம், எழுத்து தெரியவில்லை என்று காசைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், ப்ளீஸ். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழலில் எழுத்து எழுந்து வரும்.