கந்தையாவா, கந்தயாவா? விவாகப் பதிவாளரான கதை

விவாகப் பதிவாளர் நியமனக் கடிதம் கைக்கு வந்து மூன்று மாதமாகிவிட்டது. இன்னும் அந்த அலுவலகக் கவுண்டரை நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்த யோசனை தங்கச்சியின் கலியாணத்தில் வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் மண்டபம். ஐயர் தாலி கட்டுவித்து முடிய, பதிவுக்கு வந்தவர் முழுவதையும் சிங்களத்தில் வாசித்தார். மாப்பிள்ளை யாழ்ப்பாணம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், பாவம். பதிவேட்டில் எழுதும் அதிகாரம் ஐயருக்குக் கிடையாது. இலங்கையின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதிவுசெய்த தேவாலயத்தில் போதகர் நடத்தலாம். மற்றபடி பதிவாளர்தான் வரவேண்டும். (முஸ்லிம் விவாகங்களுக்கும் கண்டிச் சிங்களவரின் விவாகங்களுக்கும் வேறு சட்டங்கள்.)

பதிவாளர் வெற்றிடங்கள் அரசாங்க வர்த்தமானியில் வரும். வெள்ளிக்கிழமைதோறும் பார்த்து வந்தேன், ஒருநாள் எங்கள் பிரிவு அகப்பட்டது. படிவத்தை நிரப்பிக்கொண்டு பத்தரமுல்லைக்கு பஸ் ஏறியது என் சொந்த மடத்தனம். பதிவாளர் நாயகத்தின் தலைமையகம் அங்கேதானே என்று நினைத்தேன். எங்கே அனுப்ப வேண்டும் என்பது அறிவித்தலிலேயே இருந்தது. கடைசி வரிவரை வாசியுங்கள், அரைநாள் மிச்சம்.

கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் சுகமாகக் கிடைத்தது. அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும் என்பதை மறந்து ஒரு நடை வீண். சரி, அதுவும் என் பிழை.

அடுத்தது என் பிழையில்லை. நான் பதுளையில் பிறந்தவன், பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில். அதைத் தமிழாக்கிய மொழிபெயர்ப்பாளர் அப்பாவின் பெயரைக் ‘கந்தயா’ என்று எழுதிவிட்டார். மற்ற எல்லாப் பத்திரத்திலும் ‘கந்தையா’. விண்ணப்பம் கொடுக்கும் கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனையால் அந்த எழுத்தைத் தட்டிக்கொண்டே, “இது ரெண்டு ஆள்” என்றார். என் அப்பாவைப் பற்றி!

சமாதான நீதவானிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு மறுபடி போனேன். “இது சரிவராது, பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வாங்க.” முடிவுத் திகதிக்கு நாலு நாள்தான் இருந்தது. பிழை மொழிபெயர்ப்பில், மூலத்தில் இல்லை என்று மூன்று தரம் சொன்னேன். அவர் தேத்தண்ணி குடிக்க எழும்பினார்.

திரும்பி வரும்வரை நின்றேன். “சரி, ஏலாது என்பதை எழுத்தில தாங்க” என்றேன். முகம் மாறியது. பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் மேலதிகாரி வெளியே வந்து, சத்தியக்கடதாசியை ஒருதரம் பார்த்து, “இதுக்கா இவ்வளவு?” என்று முத்திரை குத்தினார். அந்த ‘டக்’ என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே, மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போதே அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். பெயரை அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். ‘எழுத்தில தாங்க’ என்பதைக் கடைசி ஆயுதமாக வைத்திருங்கள், முதல் நாளே எடுத்தால் பகைதான் மிஞ்சும்.

நேர்முகப் பரீட்சை ஒரு பிரச்சினையுமில்லாமல் முடிந்தது.

முதல் விவாக அறிவித்தலுக்கு வந்த பிள்ளையின் தகப்பன் பெயர் தம்பையா. “ஐயன்னா போட்டா, போடாமலா?” என்று மூன்று தரம் கேட்டேன். “என்ன மாஸ்டர், டிக்டேஷனா?” என்றார் மனுஷன்.

கலியாணத்தன்று சட்டம் சொல்கிற பிரகடனத்தை ஆறுதலாகத் தமிழில் வாசித்தேன். சட்டப்படி விவாகம் நீக்கப்படாமல், ஒருவர் உயிரோடிருக்க மற்றவர் இன்னொரு விவாகம் செய்தால் குற்றம், தண்டனை உண்டு என்ற இடத்துக்கு வந்தபோது முன்வரிசையில் அப்பம்மா ஒருத்தி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“நல்ல நாளில இதென்ன கதை தம்பி?”

மாப்பிள்ளை சிரித்தான். எல்லாருக்கும் விளங்கியிருந்தது.