தரையில் பரப்பிய படங்கள்

இறுதியாண்டுப் படைப்புகளோடு பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் அநேகமாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “கொஞ்சம் கை வைத்துக் கொடுத்துவிடுங்கள், சார்.” சேலம் அஸ்தம்பட்டியில் ஓவிய வகுப்பு நடத்துகிற என்னை அவர்கள் மெருகு போடுகிறவனாகவே பார்க்கிறார்கள். கொலுசுக்குப் பேர் போன ஊரில் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்தக் கட்டத்தில் நான் தூரிகையைத் தொடுவதில்லை. அளவு நாடாவும் நூலும் போதும். ஆசிரியர் திருத்திய படத்தில் அந்தத் திருத்தம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். தேர்வாளர் கண்ணுக்கு அது தப்பாது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி பெங்களூரில் விடுதியில் தங்கி ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஏப்ரல் மாதத்துக்கு முன்பே எல்லாம் முடிந்தாக வேண்டும். விடுமுறைக்கு வந்தவள், படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டாள். காண்பியல் கலையை அந்தப் பாடத்திட்டத்தின் உயர்நிலைப் பாடமாக (Higher Level) எடுத்தவர்களுக்கு அப்போது இருந்த விதி இது: 8 முதல் 11 படைப்புகள் வரை காட்சிக்கு வைக்கலாம். அவற்றை ஏன் சேர்த்து வைத்தோம் என்று 700 சொற்களுக்கு மிகாமல் ஒரு குறிப்பு எழுத வேண்டும். ஒவ்வொரு படைப்புக்கும் 500 எழுத்துகளுக்குள் விளக்கம் தர வேண்டும். மதிப்பெண்ணில் 40 சதவீதம் இதற்குத்தான். பள்ளி ஆசிரியர் போடும் மதிப்பெண்ணைச் சரிபார்க்கும் வெளித் தேர்வாளர் காட்சிக்கு வருவதில்லை. பதிவேற்றிய புகைப்படங்களைத்தான் அவர் பார்ப்பார்.

அவள் கொண்டுவந்ததோ இருபதுக்கு மேல். கூடத்தில் பாயை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். நடுநாயகமாக அவளுடைய பாட்டியின் தைலவண்ண உருவப்படம். நல்ல கைத்திறன், மூக்குத்தியின் பளபளப்பு வரை அச்சு அசல். குடும்பமே கொண்டாடிய படம் அது. மற்றவை பட்டறையில் குனிந்து உட்கார்ந்து பற்றவைக்கும் ஆட்களின் கரிக்கோல் படங்கள். பாட்டி படம் ஸ்டூடியோ புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது என்பது அவற்றின் பக்கத்தில் வைத்ததும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. “பதினொன்று வரை வைக்கலாமே, இதுவும் இருக்கட்டும்” என்றார் அவளுடைய அப்பா. பதினொன்று என்பது உச்ச வரம்பு, எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல என்று இன்று வரை எந்தப் பெற்றோரையும் என்னால் நம்ப வைக்க முடிந்ததில்லை. நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: “இதை எடுத்துவிட்டால் மற்றவற்றுக்கு என்ன குறை வரும்?” அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, தானே அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

காட்சியின் உயிர் வேறோர் இடத்தில் கிடந்தது. நோட்டுப் புத்தகத்துக்குள் செருகி வைத்திருந்த மெல்லிய தாள்கள். உருக்குவதற்காகப் பட்டறைக்கு வரும் பழைய கொலுசுகளின் மேல் தாளை விரித்து, மென்மையான பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்திருக்கிறாள். கண்ணிகள் சேரும் இடத்தில் கறுப்பு அடர்ந்திருந்தது. பல வருடம் காலில் கிடந்து மழுங்கிய முத்துகள் இருந்த இடம் வெறும் சாம்பல் பூச்சாக நின்றது. அன்று மாலையே அந்தக் கொலுசு வெள்ளி உருக்கும் மூசைக்குள் போயிருக்கும். மிச்சம் இந்தத் தாள்தான். “இது சும்மா பயிற்சிக்குச் செய்தது சார்” என்றாள். மாணவர்கள் பயிற்சி என்று ஒதுக்குவதை நான் எப்போதும் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.

தெளிவாகத் தெரியட்டும் என்று பேனாவால் விளிம்பு கட்ட நினைத்தாள். நகல் ஒன்றில் கட்டிப் பார்க்கச் சொன்னேன். கட்டியதும் அது கொலுசுக் கடை விளம்பரம் போல ஆகிவிட்டது. அவளுக்கே சிரிப்பு வந்தது. தாள்களை ஒரே அளவுக்கு வெட்டி, ஓரத்தில் ஒரே இடைவெளி விட்டதோடு வேலை முடிந்தது.

ஒட்டுவதற்குப் ஃபெவிகால் வேண்டாம் என்றேன். பிறகு பிரிக்க நினைத்தால் தாள் கிழியும். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் நிறைந்த ஊரில் மாவுப் பசைக்கா பஞ்சம்? மரவள்ளி மாவைக் காய்ச்சி, மெல்லிய தாள் கீற்றுகளால் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டினோம். கீழே விட்டுவிட்டால் ஈரப்பதத்துக்குத் தாள் விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும். பூச்சி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு படத்தின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் வருமாறு நூல் கட்டிச் சுவரில் மாட்டி ஒத்திகை பார்த்தோம். தேய்ப்புத் தாள்கள் நெருக்கமாக ஒரே வரிசையில். கரிக்கோல் படங்கள் எதிர்ச் சுவரில், தாராளமான இடைவெளியோடு.

புகைப்படம் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பிறகு எடுத்தால் எடுப்பவரின் முகமும் படத்தில் விழும். அதனால் சட்டம் போடும் முன்பே எடுத்துவிட்டோம். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்குகள், கேமரா படத்தின் மையத்துக்கு நேராக. மெல்லிய தாள் படபடக்கக் கூடாது என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டோம். சேலத்து வெயிலில் அது ஒரு தவம்.

விளக்கம் எழுத உட்கார்ந்தபோது, “பெண்களின் வலியை வெளிப்படுத்துகிறது” என்று தொடங்கினாள். அடிக்கச் சொன்னேன். எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாக்கியம் இந்தப் படத்துக்கு எதற்கு? அதுவரை பாட்டி படத்தை நினைத்து முகம் வாடி உட்கார்ந்திருந்த அப்பா, ஒரு தாளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். “உள்பக்கம்தான் தேய்ந்திருக்கிறது. நடக்கும்போது ஒரு கால் கொலுசு இன்னொன்றோடு உரசியிருக்கும்” என்றார். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அடுத்த தாளை அவரே கேட்டு வாங்கினார். இரவு வெகுநேரம் வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பட்டறைக் கணக்கு நோட்டையும் வரவழைத்துவிட்டார். விளக்கங்கள் 500 எழுத்துகளில் பாதியைக்கூடத் தொடவில்லை. உருக்கிய வெள்ளியின் எடையை மில்லிகிராம் வரை போட்டே ஆக வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தார். போட்டோம்.