மைஎஸ்க்யூஎல் சொல்லாமல் கொள்ளாமல் செத்தால்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் ஜூன் மாதம் சர்வர் படுத்தால் என்ன ஆகும் தெரியுமா? பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் ரோடு வரை நிற்கும், எடைமேடையில் சீட்டு வராது, பழம் வெயிலில் கிடக்கும், விவசாயி கத்துவார். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு தொழிற்சாலையில் போன சீசன் இதே பாடுதான். எடைமேடைத் தம்பி போன் போட்டு "அண்ணா, மறுபடியும் போயிடுச்சு" என்பார். நான் லாகின் செய்வதற்குள் "வந்துடுச்சுண்ணா, விடுங்க" என்பார். ஒரேயடியாக நின்றிருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். செத்த உடனே சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்) எழுப்பி உட்கார வைத்துவிடுவதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் பழியைக் கரண்ட் மேல் போட்டார்கள். யூபிஎஸ் பேட்டரிக்குக் கொட்டேஷன்கூட வாங்கியாயிற்று. அப்டைம் என்று ஒரு கட்டளை போட்டால் தீர்ந்துபோகும் சந்தேகம் இது: சீசன் ஆரம்பித்ததிலிருந்து மெஷின் ஒருமுறைகூட அணையவில்லை. விழுவது டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் மட்டும்தான்.

சரி, அடுத்து எரர் லாக், அதாவது மைஎஸ்க்யூஎல் தனக்கு நடப்பதை எழுதி வைக்கும் கோப்பு. மைஎஸ்க்யூஎல் தன் சொந்தக் கோளாறில் விழுந்தால் சிக்னல் (ஓடும் புரோகிராமுக்கு வரும் தகவல் எண்) 11 அல்லது 6 என்று ஒரு வரியும், அதற்குக் கீழே எந்த இடத்தில் விழுந்தது என்று காட்டும் நீளமான ஸ்டாக் டிரேஸும் பெரும்பாலும் கொட்டிவிட்டுத்தான் போகும். ஒழுங்காக நிறுத்தியிருந்தால் ஷட்டவுன் வரி இருக்கும். இங்கே இரண்டுமே இல்லை. ஓடிக்கொண்டிருந்த லாக் சட்டென்று நிற்கிறது, சில நொடி கழித்து புதிதாக ஸ்டார்ட் ஆகி பாதியில் நின்றதைச் சரிசெய்யும் கிராஷ் ரிக்கவரி ஓடுகிறது. வாயைத் திறக்கவே விடாமல் வெளியிலிருந்து அடித்திருக்கிறார்கள் என்றால் அது உடனே கொல்லும் சிக்னல் 9, அடித்தது அநேகமாக லினக்ஸின் மையப் பகுதியான கர்னல்; மெமரி தீர்ந்தால் அது ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். கர்னல் லாகில் தேடினால் கிடைத்துவிட்டது: 'அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ்', பக்கத்திலேயே மைஎஸ்க்யூஎல்டி, அதாவது மைஎஸ்க்யூஎல் சர்வரின் பெயர்.

மெஷினில் 8 ஜிபி ராம். இன்னோடிபி பஃபர் பூலுக்கு (மைஎஸ்க்யூஎல் டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் இடம்) மட்டும் 6 ஜிபி எழுதி வைத்திருந்தார்கள். 'ராமில் முக்கால் பங்கு பஃபர் பூலுக்கு' என்று ஊரெல்லாம் சொல்கிற கணக்கு, டேட்டாபேஸ் தனியாக ஓடும் மெஷினுக்கு. இங்கே அதே பெட்டியில் பில்லிங்குக்கு டாம்கேட் என்ற ஜாவா சர்வர் ஓடுகிறது, ராம் போதாதபோது டிஸ்க்கில் கைகொடுக்கும் ஸ்வாப் சுத்தமாக இல்லை, போதாக்குறைக்கு ஒவ்வொரு கனெக்‌ஷனும் சார்ட், ஜாயின் என்று தனித்தனியாக மெமரி கேட்கும். அக்கவுன்ட்ஸ் அக்கா காலையில் விவசாயி வாரியாகப் பட்டுவாடா ரிப்போர்ட் எடுக்கும் நேரமும் கர்னல் லாகில் உள்ள நேரமும் அப்படியே பொருந்தின. கடைசியாக மெமரி கேட்டது டாம்கேட்டாகவே இருந்தாலும், அதிகம் வைத்திருப்பவன் தலைதான் முதலில் உருளும்.

பஃபர் பூலை 3 ஜிபிக்கு இறக்கினேன். 5.7 பதிப்பிலிருந்து ஓடும்போதே மாற்றலாம், ஆனால் கான்ஃபிக் கோப்பிலும் எழுதுங்கள், இல்லையென்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழையபடி 6. டாம்கேட் எடுத்துக்கொள்ளும் ஜாவா ஹீப் மெமரிக்கு ஒரு வரம்பு, கொஞ்சம் ஸ்வாப், ரிப்போர்ட் அலசும் தேதி நெடுவரிசைக்குத் தேடலை வேகமாக்கும் ஓர் இண்டெக்ஸ். அதற்கப்புறம் சீசன் முடியும்வரை விழவில்லை.

இடையில் ஒருவர் இன்னோடிபி ஃபோர்ஸ் ரிக்கவரி என்ற செட்டிங்கை 6 வைத்துப் பார்க்கச் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். டேபிள் கெட்டு சர்வர் எழவே மறுக்கும்போது டேட்டாவை வெளியே எடுப்பதற்காக வைத்திருக்கும் கடைசி வழி அது. 4 அல்லது அதற்கு மேல் போனால் டேட்டா நிரந்தரமாகக் கெடலாம் என்று மைஎஸ்க்யூஎல் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நல்ல பழத்தை நாமே நசுக்குவானேன்?

சிஸ்டம்டி ஒரு சர்வீஸை எத்தனை முறை தானாக எழுப்பியது என்று கணக்கு வைத்திருக்கும், என்ரீஸ்டார்ட்ஸ் என்று கேட்டால் சொல்லும். அந்த எண் ஏறினால் எனக்கு மெசேஜ் வருகிற மாதிரி ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போட்டு வைத்திருக்கிறேன். இனி தம்பி "விடுங்க" என்றாலும் நான் பார்த்துவிடுவேன்.