நாக்பூரில் நெல்லைப் பதிப்பு

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த பிறகு நான் படித்த தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் எண்ணெய்க் கறையோடுதான் இருந்தன. ஊருக்குப் போய்த் திரும்பும் நண்பர்கள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கொண்டுவரும் முறுக்கைச் சுற்றிய தாள்கள் அவை. பத்து நாள் பழையது என்றாலும் விடமாட்டேன். முறுக்கு தீர்வதற்குள் விளம்பரம் வரை படித்து முடித்திருப்பேன்.

இணையத்தில் செய்திக்கா பஞ்சம்? ஆனால் எனக்கு வேண்டியது தலைப்புச் செய்தி அல்ல, நெல்லைப் பதிப்பின் உள்பக்கம். வண்ணார்பேட்டையில் எந்தச் சாலையைத் தோண்டினார்கள், மேலப்பாளையம் சந்தையில் ஆடு என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் அதில்தான் வரும். அச்சில் வருவதைப் பக்கம் பக்கமாக அப்படியே காட்டும் மின்னிதழில் அதுவும் உண்டு என்று தெரிந்ததும் ஓராண்டுச் சந்தா கட்டினேன்.

முதல் அடியே சறுக்கியது. பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் ஏற்கெனவே 'சென்னை' என்று இருந்திருக்கிறது. ஓடிபி காலாவதியாகிவிடுமே என்ற பதற்றத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் கைபேசியைத் திறந்தால் வேளச்சேரி மழைநீர் வடிகால்! ஒரே பதிப்புக்கான சந்தாவில் இடையில் மாற்ற முடியாதாம். மூன்று மின்னஞ்சல், ஒரு நீண்ட தொலைபேசி அழைப்பு. ஐந்தாம் நாள்தான் நெல்லை வந்து சேர்ந்தது. பணம் கட்டுமுன் அந்தக் கட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கச் சம்மதம் கொடுத்திருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து தகவல் வரும். ரிசர்வ் வங்கியின் விதி அது. விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது படிக்கும் பாடு. இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கும் தாளை உள்ளங்கை அகலத் திரையில் அடைத்தால் எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே ஓடிவிடும். செய்தியின் மீது ஒரு தட்டு தட்டினால் அது மட்டும் தனியே விரியும் என்பதை மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதிலும் சில செய்திகள் வெறும் படம். வாசித்துக் காட்டச் சொன்னால் கைபேசி வாயே திறக்காது. ஒருமுறை பிடிஎஃப் பக்கத்திலிருந்து நான்கு வரியை நகலெடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது ஆங்கில எழுத்தும் குறியீடுமாக ஒரே கிறுக்கல். "அண்ணா, பூனை நடந்ததா கைபேசி மேல்?" என்று கேட்டாள். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு யூனிகோடு. பக்கத்தை அது அல்லாத பழைய எழுத்துருவில் வடிவமைத்ததால் வந்த வினை. அன்றிலிருந்து திரையைப் படம் பிடித்துத்தான் அனுப்புகிறேன்.

இப்போது பழைய டேப்லெட் ஒன்று கைகொடுக்கிறது. காலை ஐந்தரைக்கு வீட்டு வைஃபையில் முழு இதழையும் இறக்கிவிட்டால், மெட்ரோவில் சிக்னல் போனாலும் கவலையில்லை. முதலில் பார்ப்பது கண்ணீர் அஞ்சலி, அடுத்து மின்தடை.

சென்ற மாதம் மின்தடைப் பட்டியலில் பெருமாள்புரம் இருந்தது. உடனே வீட்டுக்கு அழைத்தேன்.

"அம்மா, நாளைக்கு ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை கரண்ட் இருக்காது. மாவை இன்றைக்கே ஆட்டி வைத்துவிடு."

"இங்கே பேப்பர் போடுகிற பையனே இன்னும் வரவில்லையே ஐயா, உனக்கு அங்கே யார் சொன்னது?" என்றாள் அம்மா.